மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துப் படிக்க வையுங்கள்: வேளாண் பேராசிரியர்களுக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் வேளாண் கல்லூரிகளில் மண்ணியலும் சுற்றுச்சூழலும் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும், அந்தப் பாடத்திட்டங்களை வகுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கருப்பூர் பக்கம், அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் தோட்டத்தில் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) கடலையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டம் படித்தவன் அல்ல. ஆனால் பல ஆயிரம் துணிப்பைகளைப் பிரித்து மண்ணைக் கொட்டிய கை இது. அந்த அனுபவத்தில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

மண் மாதிரி வந்ததும் நாங்கள் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்கிறேன். நிழலில் பரப்பி உலர்த்துவோம். வேர், சருகு, கல், புழு, பூச்சி எல்லாவற்றையும் பொறுக்கி எறிவோம். மரக்கட்டையால் கட்டியை உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். சலித்து விழுந்த தூளைத்தான் மண் என்று சொல்லிச் சோதிப்போம். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஓமலூர் மண்ணையும் ஆத்தூர் மண்ணையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரத்தானே வேண்டும். ஆனால் அந்தத் தூளில் சத்து இருந்தது, உயிர் இல்லை.

ஒருநாள் வயதான விவசாயி ஒருவர் தன் கையாலேயே பையைப் பிரித்தார். ஈர மண்ணுக்குள் ஒரு மண்புழு நெளிந்தது. நான் எடுத்து வெளியே போடப் போனேன். "அதையும் எழுதிக்கோங்க தம்பி. அது இருக்கிற காட்டுலதான் எனக்கு மஞ்சள் வருது" என்றார். நான் சிரித்துக்கொண்டே, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதுவும் பேசாமல் ரசீதை வாங்கிக்கொண்டு போனார். அந்த முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

மத்திய அரசின் மண்வள அட்டை 2015-இல் வந்தபோது நாங்கள் உண்மையிலேயே மகிழ்ந்தோம். 12 விவரங்கள்: கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். ஒரு சிறு விவசாயியின் கையில் இத்தனை எண்கள் அதற்கு முன் வந்ததில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் மண்ணில் வாழும் ஓர் உயிரைப் பற்றிய எண் கிடையாது. மக்னீசியமும் கிடையாது, கால்சியமும் கிடையாது. வேறு மாவட்டக்காரருக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். சேலத்துக்காரனுக்கு அப்படி இல்லை.

ஏன் என்று என் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக்கல் கரடு இருக்கிறது. புத்தகத்தில் மேக்னசைட் என்று எழுதுவார்கள். அந்தக் கரட்டின் அடிப் பாறையே மக்னீசியம் நிறைந்தது. அது சிதைந்து மாறியதில்தான் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது. அந்த வகைப் பாறையில் குரோமியமும் நிக்கலும்கூட இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு இறங்கும் மழைத் தண்ணீர்தான் சுற்று வட்டாரக் கிணறுகளுக்கு ஊறுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் கடலை போட்டேன். செடி பச்சையாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக் காய் பருப்பில்லாத பொக்கு. மழை பெய்து ஓய்ந்ததும் மேல்மண் ஓடு கட்டியது. தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி, அப்புறம் பாளம் பாளமாக வெடித்தது. மண்ணை ஓர் இடத்துக்கும் கிணற்றுத் தண்ணீரை இன்னோர் இடத்துக்கும் சோதிக்க அனுப்பினேன். மண்ணின் தாளில் உரச் சிபாரிசு வந்தது. தண்ணீரின் தாளில் பாசனத்துக்கு ஏற்றது என்று வந்தது. இரண்டு தாளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தத் தண்ணீர்தான் அந்த மண்ணுக்குப் பாய்கிறது என்று இரண்டில் எதற்கும் தெரியவில்லை.

தண்ணீர்த் தாளில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த ஒரே எண்தான் இருந்தது. பாசன நீரைத் தரம் பிரிக்க நாம் வழக்கமாகப் போடும் இரண்டு கணக்குகளை நினைத்துப் பாருங்கள். சோடியத்தின் ஆதிக்கத்தைப் பார்க்கும் கணக்கிலும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டித்தான் பின்னத்தின் கீழே போடுகிறோம். எஞ்சிய கார்பனேட்டைப் பார்க்கும் கணக்கிலும் இரண்டையும் கூட்டித்தான் கழிக்கிறோம். இரண்டும் மண்ணுக்கு ஒன்றுதான் என்பது போல. கால்சியம் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டமைப்பைக் காக்கும். மக்னீசியத்துக்கு அந்தப் பிடிமானம் குறைவு, அளவு மீறினால் மண் இளகிக் குழம்பிப் பிறகு இறுகும். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு அந்த இரண்டு கணக்குகளும் நல்ல சான்றிதழ் கொடுப்பதில் ஆச்சரியமே இல்லை. மக்னீசியம் ஏற ஏற அந்தக் கணக்கில் தண்ணீர் நல்லதாகிக்கொண்டே போகும்!

தெரிந்தவர் ஒருவரின் கூடத்தில் அனுமதி கேட்டு நானே சோதித்தேன். பியூரெட்டைப் பிடித்து எத்தனை வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. எரியோகுரோம் பிளாக் என்ற நிறங்காட்டியை விட்டதும் தண்ணீர் திராட்சைச் சிவப்பாகி, பியூரெட்டிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட நீலத்துக்குத் திரும்பும். அது மொத்தக் கடினத்தன்மை. மியூரெக்சைடு என்ற இன்னொரு நிறங்காட்டியை வைத்துக் கால்சியத்தைத் தனியாக எடுத்துக் கழித்தால் மிச்சம் மக்னீசியம். இரண்டின் கூட்டுத்தொகையில் மக்னீசியமே பாதிக்கு மேல் இருந்தது. 50 சதவீதத்தைத் தாண்டினால் மண்ணுக்குக் கெடுதல் என்று நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான். கடலைக் காய் மண்ணுக்குள் இருந்தபடியே தனக்கு வேண்டிய கால்சியத்தை நேராக உறிஞ்சுகிறது. அது கிடைக்காவிட்டால் பொக்குதான். அடுத்த பட்டத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் என்ற சிபாரிசைத் தவறாமல் கடைப்பிடித்தேன், மட்கு எருவும் கூட்டினேன். காய் பிடித்தது. நான் பழைய கூடத்து ஆள், அதனால் தப்பித்தேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா இன்றும் பொக்குக் கடலைக்கு விதையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது ரசாயனம். உயிரைப் பற்றி நான் கற்றது திருமணிமுத்தாற்றங்கரையில்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் நுழைந்து, சுகவனேசுவரர் கோயில் பக்கமாக ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறு அது. என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது வீரபாண்டிப் பக்கம், ஆற்றுக்கு அருகிலேயே. நகரத்துச் சாக்கடை, சாயத் தண்ணீர், ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் எல்லாம் கலந்து பல காலம் அந்த ஆறு போன கோலத்தைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கை வீட்டுக் கிணறும் அந்த ஆற்றோடுதான் மூச்சு விடுகிறது. ஆற்றில் நுரை வந்த வருடம் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் தலை சிக்குப் பிடித்தது என்பாள்.

ஒரு தை மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது வாய்க்கால் சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் அள்ளிப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாய் நெளியும் புழுக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. கொசு போலவே இருந்து கடிக்காத ஒரு பூச்சியின் புழு அது. ரத்தத்தில் இருப்பது போல அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு, அதனால் உயிர்வளி கிட்டத்தட்ட வற்றிப்போன சேற்றிலும் பிழைக்கும். மற்றதெல்லாம் போன பிறகு அது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த வாரமே ஏற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மலையில் ஓர் ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், வாலில் இழை இழையாக வைத்துக்கொண்டு கல்லோடு ஒட்டி ஓடும் மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சுகள், மணலையும் சருகுத் துணுக்கையும் ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொண்ட புழுக்கள், தும்பிக் குஞ்சு, சின்ன நண்டு. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு தட்டை வைத்துக்கொண்டு, மலைத் தண்ணீரும் ஊர்த் தண்ணீரும் எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீரின் அழுக்கு எவ்வளவு உயிர்வளியைத் தின்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதுவும் அன்று எடுத்த தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். மேஃபிளைக் குஞ்சு பல வாரமாக அங்கேயே வாழ்வது. இடையில் ஒரு ராத்திரி யாராவது கெட்ட தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் அது அங்கே இருந்திருக்காது.

மலை என்பதால் அங்கே எல்லாமே சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகக் காப்பி விளைகிற மண் அது. கார்த்திகை, மார்கழியில் பழம் பறித்து, பல்ப்பரில் தோல் உரித்து, வழவழப்பைக் கழுவும்போது வரும் தண்ணீரில் சர்க்கரை நிறைய இருக்கும். அது புளித்து ஓடையில் இறங்கினால் மேஃபிளைக் குஞ்சு தாங்காது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் சருகு ஒரு வேகத்தில் மட்கும், கல்யாண முருங்கையின் தழை இன்னொரு வேகத்தில் மட்கும், பலாவின் சருகு வேறொரு வேகத்தில். எந்த மரத்தடியில் என்ன புழு வாழ்கிறது, அந்த மண் எவ்வளவு மழையைக் குடித்து எவ்வளவு நாள் வைத்திருந்து ஓடைக்கு விடுகிறது என்பதெல்லாம் மண் பாடமா, தண்ணீர்ப் பாடமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் துறைகள் மட்டும் எப்படிப் பிரித்து வைத்திருக்கின்றன?

எங்கள் முன்னோர் பிரிக்கவில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடிப்போம். மாட்டு வண்டி வண்டியாக மேட்டாங்காட்டுக்குப் போகும். மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து அரித்துக்கொண்டு போன மண்ணை, ஏரி வாங்கி வைத்திருந்து மேட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. அப்பா வண்டலைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பார், விரலில் உருட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் "அடிக்கலாம்" என்பார். இன்றும் வண்டல் எடுக்க அரசு அனுமதி தருகிறது, நல்ல காரியம். ஆனால் நகரத்துச் சாக்கடை கலந்த ஏரியின் வண்டலில் இப்போது உலோகம் என்ன இருக்கிறது, அதை அடித்த காட்டில் மூன்று வருடம் கழித்து மண்புழு கூடியதா குறைந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? மண் துறை ஏரியைப் பார்ப்பதில்லை. நீர்த் துறை காட்டைப் பார்ப்பதில்லை. வண்டல் இரண்டுக்கும் நடுவில் வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஜவ்வரிசித் தண்ணீரும் இதே கதைதான். மாவுச்சத்து கலந்த தண்ணீர் ஆற்றில் விழுந்தால் உயிர்வளியைத் தின்றுவிடும். அதையே எருவாயு எடுத்துப் பக்குவப்படுத்தி, அளவாகக் கலந்து நிலத்தில் விட்டால் மண் செரித்துக்கொள்ளவும் கூடும். எந்த மண், எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளியில் என்பதுதான் கேள்வி. மரவள்ளியை நம்பி வாழும் மாவட்டம் இது. அந்தக் கேள்விக்கு எங்கள் செம்மண்ணில், எங்கள் வெயிலில் செய்த விடை வேண்டும். ஆற்றை நாசம் செய்கிறார்கள் என்று ஒரு பக்கம் திட்டுகிறோம், பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று ஆலைக்காரர்கள் மறுபக்கம் திட்டுகிறார்கள். நடுவில் அளந்து சொல்ல ஆள் இல்லை.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவ மாணவியர் ஒவ்வொரு வருடமும் கிராமங்களில் தங்கிப் பணி அனுபவம் பெறுகிறார்கள். எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். தங்கமான பிள்ளைகள். விதை நேர்த்தி செய்து காட்டினார்கள், இனக்கவர்ச்சிப் பொறி கட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள், வேறு ஊர், மறுபடியும் விதை நேர்த்தி. முந்தைய வருடத்துப் பிள்ளைகள் எதை விட்டுப்போனார்கள் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த நாட்களை ஓர் ஆற்றுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். சேர்வராயன் மலைச் சரிவில் தொடங்கி, நகரத்துக்கு மேலே, நகரத்துக்குக் கீழே, வீரபாண்டிப் பக்கம், அப்புறம் காவிரியில் சேரும் இடம் வரை, திருமணிமுத்தாற்றோடு சில இடங்களை நிலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆறு, அதன் கரையில் ஒரு கிணறு, அந்தக் கிணறு பாயும் ஒரு வயல், இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே குழு, ஒரே நோட்டில் எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, ஓய்ந்த பிறகு ஒருமுறை. பிள்ளைகள் வருடா வருடம் மாறட்டும், இடமும் முறையும் மாற வேண்டாம். வெள்ளைக்கல் கரட்டுக்காக ஓமலூர்ப் பக்கம் சரபங்கா நதியிலும் இரண்டு இடம் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. 25 சென்டிமீட்டர் சதுரத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அந்த மண்ணைச் சாக்கில் கொட்டி, கையால் உதிர்த்து மண்புழு, கரையான், பூரான், வண்டுப் புழு எல்லாவற்றையும் எண்ணலாம். ஆழத்தில் இருக்கும் மண்புழுவை மேலே வரவைக்கக் கடுகுத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். உலர்ந்த மண் கட்டியைத் தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தால், அந்த மண்ணில் பிடிமானம் இருக்கிறதா என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். தேயிலைப் பையை 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து 90 நாள் கழித்து எடுத்து எடை போடும் முறை ஒன்று 2013-இல் வெளிவந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண் எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்பதற்கு அது ஓர் எளிய அளவுகோல். தண்ணீருக்கு வெள்ளைத் தட்டு. கூடவே, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தயவுசெய்து தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு கிழவன் ஆசைப்பட்டுக் கேட்கும் பெரிய வேலை என்று தள்ளிவிட வேண்டாம். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயலை எண்ணிப் பாருங்கள். தொடங்கி வைத்தவர்கள் யாரும் இன்று இல்லை. அந்த வயல் தந்த எண்களை வைத்துத்தான் தொழுவுரம் போட்ட மண்ணும் வெறும் ரசாயன உரம் போட்ட மண்ணும் காலப்போக்கில் என்ன ஆகின்றன என்று நாம் பேசுகிறோம். அந்தப் பொறுமை தமிழ்நாட்டு வேளாண் கல்விக்குப் புதிதல்ல. நிலைய வேலிக்குள் காட்டிய அதே பொறுமையை ஓர் ஆற்றின் மேலும் காட்டச் சொல்கிறேன். உச்சியில் புளிப்பு மண், கீழே காரம் ஏறிய மண், நடுவில் ஒரு பெரிய நகரம். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர்தான். இவ்வளவு நெருக்கத்தில் இத்தனையையும் கற்றுக்கொடுக்கும் வகுப்பறை வேறெங்கே தேடுவீர்கள்?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கும் எண்களை ஆய்வேட்டில் கட்டி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், தமிழில், எல்லோரும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இந்த வருடம் இந்தக் கிணற்றில் மக்னீசியம் இவ்வளவு, இந்த வயலில் ஒரு குழிக்கு மண்புழு இத்தனை, போன வருடம் இத்தனை. எங்கள் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் வரிசையில் நின்று அதைப் படிப்பார்கள். குறைந்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உங்களில் யாருக்காவது இதைத் தொடங்க மனமிருந்தால், முதல் குழியை என் தோட்டத்திலேயே வெட்டலாம். கடலை போட்ட பாத்தியும் இருக்கிறது, பத்து வருடமாக உழாமல் விட்ட வேலியோரமும் இருக்கிறது. ஒப்பிட வசதி. தங்கையிடமும் பேசிவிட்டேன், ஆற்றங்கரைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அவர்களுக்கும் சம்மதம். ஐப்பசி மழை பிடிக்கும் முன், புரட்டாசிக் கடைசியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, வெள்ளைத் தட்டு எல்லாம் இங்கே இருக்கின்றன. கிணற்றடியில் புளியமர நிழல் உண்டு. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனைக் கூட உதவியாளர்,
கருப்பூர், சேலம் மாவட்டம்.